யாரும் பயன்படுத்தலாம், யாரும் மாற்றலாம்

கம்ப்யூட்டரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வங்கியில் இருக்கும். பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடத்தில் இருக்கும். சிலர் வீட்டிலும் இருக்கும். பொத்தானை அமுக்கினால் திரையில் எழுத்து வருகிறது. படம் வருகிறது. இதையெல்லாம் வரவைப்பது எது?

கம்ப்யூட்டருக்குத் தானாக ஒன்றும் தெரியாது. என்ன செய்ய வேண்டும் என்று மனிதர்கள் எழுதிக் கொடுக்க வேண்டும். அப்படி எழுதிய கட்டளைகளுக்கு மென்பொருள் என்று பெயர். கடிதம் எழுத ஒரு மென்பொருள். கணக்குப் போட இன்னொன்று. இவை எல்லாவற்றையும் கட்டி மேய்க்க ஒரு பெரிய மென்பொருள் உண்டு. அதுதான் இயங்குதளம். அது இல்லாவிட்டால் கம்ப்யூட்டரில் ஒரு வேலையும் நடக்காது.

பல வீடுகளில் இருப்பது விண்டோஸ் என்ற இயங்குதளம். அமெரிக்காவின் மைக்ரோசாஃப்ட் கம்பெனி அதைத் தயாரிக்கிறது. நல்ல மென்பொருள்தான். ஆனால் நிபந்தனைகள் உண்டு.

ஒரு கடையில் ரவிக்கை வாங்குகிறீர்கள். கடைக்காரர் சொல்கிறார்: "இதன் தையலைப் பிரிக்கக் கூடாது. இறுக்கமாக இருந்தாலும் நீங்கள் தளர்த்தக் கூடாது. இதைப் பார்த்து அதே மாதிரி ஒன்று தைத்துத் தங்கைக்குக் கொடுக்கவும் கூடாது." யாராவது இப்படி ரவிக்கை வாங்குவார்களா? மென்பொருளை மட்டும் உலகம் முழுக்க இப்படித்தான் வாங்குகிறார்கள். உள்ளே எப்படி எழுதியிருக்கிறது என்று பார்க்க முடியாது. மாற்ற முடியாது. நகல் எடுத்து அடுத்தவருக்குக் கொடுத்தால் சட்டப்படி குற்றம்.

"கடையில் சும்மாவே போட்டுத் தருகிறார்களே!" என்று சிலர் கேட்பார்கள். அது கள்ள நகல். அதோடு வைரஸும் வந்து சேரலாம்.

இந்த நிபந்தனைகள் வேண்டாம் என்று சிலர் நினைத்தார்கள். அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-ல் குனூ என்ற திட்டத்தை அறிவித்தார். யாரும் பயன்படுத்தலாம், உள்ளே பார்க்கலாம், மாற்றலாம், நகல் கொடுக்கலாம். இப்படிப்பட்ட இயங்குதளத்தை உருவாக்குவதே அந்தத் திட்டம். 1991-ல் பின்லாந்து நாட்டில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் இயங்குதளத்தின் மையப் பகுதியை எழுதி வெளியிட்டார். அதன் பெயர் லினக்ஸ். இரண்டும் சேர்ந்தன. பல நாட்டு ஆட்கள் கை கொடுத்தார்கள். இத்தகைய மென்பொருளைக் கட்டற்ற மென்பொருள் என்கிறோம். பெரும்பாலும் காசு இல்லாமலே கிடைக்கிறது. ஆனால் காசைவிடப் பெரிய விஷயம் அந்த உரிமை.

அந்த உரிமையால் என்ன லாபம்? கேரளாவைப் பாருங்கள்.

அங்கே 2001-ல் அரசு ஒரு திட்டம் தொடங்கியது. ஐடி அட் ஸ்கூல் என்று அதற்குப் பெயர். பள்ளிப் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக் கொடுப்பது அதன் வேலை. சில ஆண்டுகளில் பள்ளிகள் கட்டற்ற மென்பொருளுக்கு மாறின. ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். 2017-ல் அந்தத் திட்டம் கைட் என்ற அரசு நிறுவனமாக ஆனது.

அவர்கள் லினக்ஸை அப்படியே எடுத்து வைக்கவில்லை. பாடப் புத்தகத்துக்கு ஏற்ற மாதிரி மாற்றினார்கள். சின்னப் பிள்ளைகள் படம் வரைய டக்ஸ் பெயின்ட் இருக்கிறது. பெரிய பிள்ளைகளுக்குப் படங்களைத் திருத்த கிம்ப் இருக்கிறது. தேவையானதைச் சேர்த்து ஒரே தொகுப்பாகக் கட்டினார்கள். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. கேட்க வேண்டியதில்லை.

மலையாள எழுத்துக்கும் இதே கதைதான். 2002-ல் ஸ்வதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் என்ற தொண்டர் குழு தோன்றியது. கம்ப்யூட்டரில் மலையாளம் ஒழுங்காகத் தெரிய எழுத்துருக்களைப் பராமரித்தார்கள். அயல்நாட்டுக் கம்பெனி மனது வைக்கட்டும் என்று காத்திருக்கவில்லை. கேரளாவில் தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகளும் உண்டு. அவர்களுக்குக் கம்ப்யூட்டர் பாடப் புத்தகம் தமிழிலேயே இருக்கிறது.

2019-ல் 2 லட்சத்துக்கும் அதிகமான பள்ளிக் கம்ப்யூட்டர்களில் இந்தத் தொகுப்பைப் புதுப்பித்தார்கள். இதனால் சுமார் 3,000 கோடி ரூபாய் மிச்சம் என்று கைட் கணக்குச் சொன்னது. பள்ளியில் இருப்பதையே பிள்ளை வீட்டுக் கம்ப்யூட்டரிலும் போட்டுக் கொள்ளலாம். அப்பா அம்மா தனியாக விலை கொடுக்க வேண்டாம். கள்ள நகல் தேட வேண்டாம். அந்தக் கோடிக் கணக்கைவிட ஏழை வீட்டுக்கு இதுதான் முக்கியம்.

மத்திய அரசின் சி-டாக் நிறுவனமும் ஒரு லினக்ஸ் தொகுப்பைத் தயாரித்தது. அதன் பெயர் பாஸ். சென்னையில் உருவானது. தமிழ் உட்பட இந்திய மொழிகளில் வேலை செய்யலாம்.

இப்போது இதற்கு இன்னொரு தேவையும் வந்திருக்கிறது. 2025 அக்டோபர் 14-ஆம் தேதி விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. அடுத்து வந்தது விண்டோஸ் 11. பல பழைய கம்ப்யூட்டர்கள் அதை ஏற்காது. இயந்திரம் நன்றாக இருக்கும். ஆனால் புதிது வாங்கச் சொல்வார்கள். அவசரப்பட்டு எடைக்குப் போட்டுவிடாதீர்கள். 4 ஜிபி நினைவகம் உள்ள பழைய கம்ப்யூட்டரில்கூட லினக்ஸ் மின்ட் போன்ற தொகுப்புகள் ஓடும்.

போட்டுப் பார்க்கப் பயமாக இருக்கிறதா? ஒரு வழி உண்டு. லினக்ஸை ஒரு பென் டிரைவில் ஏற்றிக் கொண்டு, அதிலிருந்தே கம்ப்யூட்டரை ஓட்டிப் பார்க்கலாம். "நிறுவு" என்பதைத் தொடாத வரை உள்ளே இருப்பது அப்படியே இருக்கும். இரண்டு நாள் பழகுங்கள். பிரின்டர் வேலை செய்கிறதா, இன்டர்நெட் வருகிறதா என்று பாருங்கள். பிடித்தால் நிரந்தரமாகப் போடலாம். போடும் முன்பு கல்யாணப் போட்டோ, சான்றிதழ் எல்லாவற்றையும் வேறு இடத்தில் நகல் எடுத்து வையுங்கள். இதை மறந்தவர்கள் பிறகு அழுதிருக்கிறார்கள்.

கடிதம் எழுத, கணக்குப் போட லிப்ரே ஆபிஸ் இருக்கிறது. மகளிர் குழுவின் சேமிப்புக் கணக்கை அதில் எழுதலாம். கட்டம் கட்டமாக இருக்கும். கூட்டலை அதுவே போட்டுவிடும். தமிழிலும் தட்டச்சு செய்யலாம்.

குறையும் உண்டு. சில பிரின்டர்கள் லினக்ஸில் ஓடாது. விண்டோஸுக்கென்றே எழுதிய சில மென்பொருள்கள் வேலை செய்யாது. கடைக் கணக்குக்கு அப்படி ஒன்றை நம்பியிருப்பவர்கள் அந்தக் கம்ப்யூட்டரை மாற்றாமல் விடுவதே நல்லது. பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த கடிதங்கள் குழம்பித் தெரியலாம். வைரஸ் தொல்லை குறைவு. அறவே இல்லை என்று சொல்ல முடியாது.

உங்கள் ஊர்ப் பள்ளியில் கம்ப்யூட்டர் ஆசிரியர் இருந்தால் அவரிடம் கேளுங்கள். பென் டிரைவில் லினக்ஸை ஏற்றிக் காட்டச் சொல்லுங்கள். 8 ஜிபி பென் டிரைவ் போதும்.