சீட்டு காட்டும் மூலிகை



சங்கரன்கோவில் ஆடித்தபசுக் கூட்டத்தில் கிளி ஜோசியரை நம்மில் பலர் பார்த்திருப்போம். கூண்டைத் திறந்தால் கிளி வெளியே வந்து ஒரு சீட்டை எடுத்துப் போட்டுவிட்டு உள்ளே போய்விடும். சில கட்டுகளில் சாமி படங்களோடு மாதா படமும் இருக்கும். மாதா இருக்கிறாரே என்று நம்பி உட்கார்ந்தவர்களும் உண்டு.

மேலை நாடுகளில் இதே வேலையை 78 சீட்டுகள் கொண்ட டாரட் கட்டு செய்கிறது. 15-ஆம் நூற்றாண்டு இத்தாலியில் அது வெறும் சீட்டாட்டம். 18-ஆம் நூற்றாண்டில்தான் பிரான்சில் குறி சொல்லும் கருவியாகப் பரவியது. 1988-இல் அமெரிக்காவில் மூலிகை மருத்துவர் மைக்கேல் டியெராவும் கேண்டிஸ் கான்டினும் சீட்டுக்கு ஒரு மூலிகை வீதம் 'ஹெர்பல் டாரட்' என்ற கட்டை அமைத்தார்கள். இன்று இணையத்தில் இத்தகைய கட்டுகள் பல. "மூலிகைதானே ஃபாதர், இதில் என்ன தப்பு?" என்று நம் இளையோர் கேட்கிறார்கள்.

மூலிகையில் தப்பே இல்லை. மருந்தை நிலத்திலிருந்து தருபவர் ஆண்டவர் என்பதே சீராக்கின் ஞானம் 38-ஆம் அதிகாரத்தின் போதனை. எசேக்கியா அரசரின் கட்டிக்கு அத்திப்பழ அடையை வைக்கச் சொன்னவர் இறைவாக்கினர் எசாயா. படத்தைப் பார்த்துச் செடியை அடையாளம் கண்டுகொள்வதும் பாவமல்ல.

ஆனால் மூலிகையை யார் தேர்ந்தெடுப்பது? நமக்கு அருகில் பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நாடி, நாக்கு, கண், நிறம், குரல், தொட்டுணர்தல், மலம், சிறுநீர் என்று எட்டு வகையில் நோயாளியைச் சோதிப்பது சித்த மருத்துவ முறை. சீட்டு நோயாளியைப் பார்ப்பதே இல்லை. மஞ்சள் காமாலை கிருமியாலும் வரும், பித்தநாளத்தில் கல் அடைத்தும் வரும். கல் அடைத்த பிள்ளைக்குச் சீட்டில் வந்த இலையை அரைத்துக் கொடுத்துக் காத்திருந்தால் உயிருக்கே ஆபத்து. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி 2116-ஆம் எண்ணில் குறி பார்ப்பதை எல்லா வடிவத்திலும் விலக்கச் சொல்கிறது. எதிர்காலத்தை நம் கைக்குள் வைத்துக்கொள்ளும் ஆசை அதற்குள் இருக்கிறது. பச்சிலை ஒட்டினாலும் அந்த ஆசை மாறாது.

நம்மையும் சற்றுப் பார்த்துக்கொள்வோம். புத்தாண்டு இரவில் பல பங்குகளில் வசன அட்டை எடுக்கிறோம். செபிப்பதற்கு ஒரு வார்த்தையாகப் பெற்றால் நல்லது. பயப்பட வேண்டாம் என்ற பொருளில் வசனம் வந்ததால், குடலிறக்க ஆபரேஷனே வேண்டாம் என்றிருந்தார் ஒரு தந்தை. அவரோடு உட்கார்ந்து அந்த அதிகாரம் முழுவதையும் வாசித்தோம். மறுவாரம் மருத்துவமனையில் சேர்ந்தார்.