வண்டிக் குதிரைக்கு ஒரு மைல் போதுமா?

குதிரைப் பந்தயம் என்றதும் குதிரையின் முதுகிலேறி விரையும் வீரனே நம் மனக்கண்முன் தோன்றுவான். ஆனால், ஓட்டுபவன் இரு சக்கர இலகு வண்டியில் அமர்ந்திருக்க, குதிரை அவனை இழுத்துக்கொண்டு ஓடும் பந்தயமும் உண்டு. இதில் நாலுகாற் பாய்ச்சலுக்கு இடமில்லை. பெருநடையிலேயே குதிரை விரைதல் வேண்டும்.

அமெரிக்காவில் இப்பந்தயத்தின் தூரம் பெரும்பாலும் ஒரு மைலே. அதற்குக் காரணமும் உண்டு. 1879ஆம் ஆண்டில், ஒரு மைலை 2 நிமிடம் 30 விநாடியில் கடக்கும் ஆற்றல் இக்குதிரை இனத்துக்குரிய தகுதிகளுள் ஒன்றாக வகுக்கப்பட்டது. ‘ஸ்டான்டர்ட்பிரெட்’ என்னும் இனப்பெயரே அவ்வளவுகோலிலிருந்து பிறந்ததுதான். 1897இல் ஸ்டார் பொயின்டர் என்னும் குதிரை 1 நிமிடம் 59¼ விநாடியில் ஓடி, முதன்முதலாக இரண்டு நிமிட எல்லையைத் தாண்டியது. 2022இல் புல்டோக் ஹனோவர் 1 நிமிடம் 45.8 விநாடியில் ஓடிற்று. இத்தகைய புகழ்மிக்க மைலைக் கைவிடுமாறு எவரும் கூறார்.

ஆயினும் ஒன்றை நாம் மறத்தலாகாது. 19ஆம் நூற்றாண்டில் ஒரு மைல் ஓட்டம் தனித்து நின்றதில்லை. ஐந்து சுற்றுகளில் மூன்றை வென்ற குதிரைக்கே பரிசு என்னும் முறை அந்நாளில் பரவலாக இருந்தது. ஆகவே, ஒரே நாளிற் பல மைல் ஓடவல்ல உரம் வேண்டியிருந்தது. விரைவும் உரமும் ஒருங்கே சோதிக்கப்பட்டன. இன்றோ பெரும்பாலும் ஒரே ஓட்டத்தில் முடிவு தீர்ந்துவிடுகிறது. அளவுகோல் எஞ்சியது, உரத்தின் சோதனை மறைந்தது!

அரை மைல் வட்டத் திடல்களில் இக்குறை நன்கு புலப்படும். புறப்பட்டதும் வளைவு வந்துவிடும். வெளிப்புறத்தில் நிற்கும் குதிரை உள்ளே இடம்பிடிக்க முடியாது அகன்று ஓடிக் களைத்துவிடும். தூரம் நீளின் அதற்கு மீண்டெழ அவகாசம் கிட்டும்; ஓட்டுபவனின் மதியூகத்துக்கும் வேலை இருக்கும்.

பிற நாடுகளைப் பாருங்கள். பாரிஸ் நகரின் வென்சென் திடலில் நடைபெறும் ‘பிரி டமெரிக்’ பந்தயத்தின் தூரம் 2,700 மீற்றர். நியூசிலாந்துக் கிண்ணப் பந்தயம் 3,200 மீற்றர். அமெரிக்காவுக்கும் நெடுந்தூரம் புதிதன்று. 1959இல் நியூயோர்க்கை அடுத்த ரூஸ்வெல்ட் திடலில் நடந்த சர்வதேசப் பந்தயத்தின் தூரம் ஒன்றரை மைல். பிரான்சின் ஜமின் என்னும் குதிரை அதில் வென்றதைக் காண 40,000 பேருக்கு மேல் திரண்டனர்.

தூரங்கள் மாறினால் நேரங்களை எவ்வாறு ஒப்பிடுவது என்று சிலர் வினவுவர். பிரான்சில் ஒரு கிலோமீற்றருக்கு எத்தனை விநாடி எனக் கணக்கிட்டு அறிவிக்கிறார்கள். வினாவுக்கு விடை அங்கேயே இருக்கிறது. மைலுக்கே பழகிய குதிரையைத் திடீரென நெடுந்தூரம் ஓட்டுதல் தகுமா என்பதே நியாயமான அச்சம். அதனால் முன்னறிவித்தல் இன்றியமையாதது; பயிற்சிக்குக் காலமும் அளித்தல் வேண்டும்.

ஆகவே, ஒரு பருவம் முழுவதும், பந்தய நாள்தோறும் ஓர் ஓட்டத்தையேனும் ஒன்றேகால் மைலாகவோ ஒன்றரை மைலாகவோ நடத்திப் பார்க்கலாம். விரைந்து ஓடுவதும் ஆற்றல். நின்று நிலைத்து ஓடுவதும் ஆற்றலே. ஒன்றை மட்டும் அளந்துகொண்டிருந்தால், மற்றதை உடைய நல்ல குதிரைகள் புகழ் காணாமலே இலாயத்துக்குத் திரும்பிவிடும்.