பக்கவிளைவைக் கேட்பது நம் உரிமை

மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடத் தொடங்கும் நம் மக்களில் பலர் முதல் மாதம் முடிவதற்குள் அதை நிறுத்திவிடுகிறார்கள். காரணம் கேட்டால் ‘ஒத்துக்கலை’ என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். மேலூர், உசிலம்பட்டி, பேரையூர் பக்கத்துக் காலனிகளில் இந்தச் சொல்லை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகக் கேட்டால்தான் விவரம் வரும். தலை சுற்றுகிறது, வாய் வறள்கிறது, வயிறு போகிறது, விடிகாலையில் எழுந்திருக்க முடியவில்லை. இவற்றில் எதுவும் கற்பனையல்ல. எல்லாமே மருத்துவப் புத்தகத்தில் எழுதியிருக்கும் பக்கவிளைவுகள்தான். மாத்திரை கொடுத்த இடத்திலேயே இதைப் பற்றி நாலு வார்த்தை சொல்லியிருந்தால் இவர்களில் பலர் நிறுத்தியிருக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம்.

இந்த மாத்திரைகளில் ஒரு சிக்கல் இருக்கிறது. தொல்லை முதல் நாளே வந்துவிடும், பலன் வருவதற்கு நாளாகும். காய்ச்சல் மாத்திரை ஒரு மணி நேரத்தில் வேலை செய்வதைப் பார்த்துப் பழகிய நமக்கு இது புரியாத சங்கதி. மனம் தெளிவதற்குப் பொதுவாக இரண்டிலிருந்து நான்கு வாரம் பிடிக்கும். முழுப் பலன் தெரிய ஆறு, எட்டு வாரம்கூட ஆகலாம். குமட்டல், தலைவலி, வயிற்றுப்போக்கு போன்றவையோ முதல் வாரத்தில் வந்து, பெரும்பாலோருக்கு இரண்டு மூன்று வாரத்தில் தானாகவே குறைந்துவிடும். அதாவது, நம் ஆட்கள் மாத்திரையைத் தூக்கியெறிவது பெரும்பாலும் தொல்லை அடங்கி நன்மை தொடங்கப்போகும் நேரத்தில்.

இந்த மருந்து வந்த கதையும் ஏழைகளின் நோயோடு சேர்ந்ததுதான். தோப்பூர் காசநோய் மருத்துவமனையை அறியாத மதுரைக்காரர்கள் குறைவு. அதுபோன்ற ஒரு காசநோய் மருத்துவமனை அமெரிக்காவின் நியூயார்க் நகரில் இருந்தது. 1952ஆம் ஆண்டு அங்கே ஐப்ரோனியாசிட் என்ற புதிய மருந்தைக் காசநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். வாடிக் கிடந்தவர்கள் எழுந்து பேசிச் சிரிக்கத் தொடங்கினார்கள். மனச்சோர்வுக்கு மருந்து உண்டு என்ற எண்ணம் வலுப்பட்டது அங்கிருந்துதான். பின்னாளில் ஈரலைக் கெடுக்கிறது என்று அந்த மருந்தைக் கைவிட்டார்கள். நன்மையும் தொல்லையும் ஒன்றாகவே வரும் என்ற பாடம் முதல் மருந்திலேயே இருந்தது.

இன்று நம் நாட்டின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் அமிட்ரிப்டிலின், ஃபுளுவாக்சிடின், எஸ்சிடாலோபிராம் ஆகியவை இருக்கின்றன. அமிட்ரிப்டிலின் பழைய வகை, மற்ற இரண்டும் புதிய வகை. எது நல்லது என்று கேட்டால், யாருக்கு, என்ன வேலை செய்பவருக்கு என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. இந்தக் கேள்வியைத்தான் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை.

வெள்ளலூர் பக்கம் நாற்று நடும் ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். நாள் முழுக்கக் குனிந்தே நிற்கிறார். அமிட்ரிப்டிலின் சாப்பிட்டால், குனிந்தவர் சட்டென்று நிமிரும்போது ரத்த அழுத்தம் இறங்கித் தலை கிறுகிறுக்கும். வாய் காயும், மலச்சிக்கல் வரும். அதைவிட முக்கியமானது, இந்த மருந்து வியர்வையைக் குறைக்கக்கூடியது. அக்னி நட்சத்திர வெயிலில் உடம்பைக் காப்பாற்றுவதே வியர்வைதான். மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்கு வாய் வறட்சி ஒரு சின்னத் தொந்தரவு. செங்கல் சூளையில் நிற்பவருக்கு அதே மருந்து மயக்கம் போட்டு விழும் அபாயம். அடிக்கடி தண்ணீர் குடிக்க வேண்டும், மெதுவாக நிமிர வேண்டும், வெயில் ஏறிய நேரத்தில் நிழலுக்கு ஒதுங்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லலாம். கொத்தனாரும் மேஸ்திரியும் ஒதுங்க விடுவார்களா என்பது அடுத்த கேள்வி.

ஃபுளுவாக்சிடின் பக்கம் போனால் வேறு தொல்லை. தொடக்க நாட்களில் குமட்டலும் வயிற்றுப்போக்கும் வரலாம். கழிப்பறை இல்லாத வயற்காட்டில் ஒரு பெண்ணுக்கு அது என்ன பாடு என்று நான் எழுதித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. மானத்துக்குப் பயந்து மாத்திரையை விடுபவர்கள் இருக்கிறார்கள். சிலருக்குப் படபடப்பும் தூக்கமின்மையும் வரும். அதனால்தான் இதைக் காலையில் சாப்பிடச் சொல்வார்கள். அமிட்ரிப்டிலின் தூக்கத்தைக் கொடுப்பது, ஆகவே அதை இரவில் கொடுப்பார்கள். ஆனால் விடியும் முன்பே துடைப்பத்தோடு தெருவில் நிற்க வேண்டிய தூய்மைப் பணியாளருக்கு இரவு பத்து மணிக்கு விழுங்கிய மாத்திரையின் மயக்கம் காலை ஐந்து மணிக்கும் தெளிந்திருக்காது. லாரி, ஆட்டோ ஓட்டுபவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு. இன்னும் முன்னேரத்திலேயே சாப்பிடலாமா, அளவைக் குறைக்கலாமா, மருந்தையே மாற்றலாமா என்று கேட்டால் மருத்துவர் வழி சொல்வார். நம் வேலை நேரம் அவருக்குத் தெரிந்தால்தான் சொல்வார்.

நம் ஆட்கள் பலர் உடம்பு வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் வலி மாத்திரை வாங்கி அன்றாடம் போடுகிறார்கள். ஃபுளுவாக்சிடின், எஸ்சிடாலோபிராம் போன்றவற்றோடு டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் சேர்ந்தால் வயிற்றில் ரத்தக் கசிவு ஏற்படும் வாய்ப்பு கூடுகிறது. மலம் கறுப்பாகப் போனால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சாராயம் சேர்ந்தால் மயக்கமும் கூடும், சோர்வும் கூடும். இந்த மாத்திரைகள் ஆண் பெண் இருவருக்குமே தாம்பத்திய நாட்டத்தைக் குறைப்பதும் உண்டு. இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, சொல்லாமலே மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். மருத்துவரிடம் இதில் வெட்கம் வேண்டாம். அவர் அன்றாடம் கேட்கும் விஷயம் அது.

இவ்வளவு தொல்லை என்றால் மாத்திரையே எதற்கு என்று கேட்கலாம். 2018ஆம் ஆண்டு லான்செட் மருத்துவ இதழில் ஒரு பெரிய ஆய்வு வந்தது. 21 மருந்துகளைப் பற்றிய 522 சோதனைகளையும், அவற்றில் பங்கேற்ற ஒரு லட்சத்து 16 ஆயிரம் பேரின் விவரங்களையும் சேர்த்துப் பார்த்தார்கள். வெறும் மாவு மாத்திரையைவிட 21 மருந்துகளுமே கூடுதல் பலன் தந்திருந்தன. அந்தக் கூடுதல் மலையளவு அல்ல, மிதமானதுதான். எல்லோருக்கும் முதல் மருந்திலேயே குணம் கிடைத்துவிடாது. லேசான சோர்வுக்குப் பேச்சும் துணையுமே போதும். ஆனால் சோறு இறங்காமல், தூக்கம் வராமல், பெற்ற பிள்ளையைக்கூட ஏறிட்டுப் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கும் ஒருவரை மறுபடி வேலைக்கும் வாழ்வுக்கும் கொண்டுவந்த மாத்திரைகள் இவை. அதை மறைத்துப் பக்கவிளைவை மட்டும் பேசுவது தவறு. 2015-16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, மனச்சோர்வு உள்ள 100 பேரில் சுமார் 85 பேருக்குச் சிகிச்சையே கிடைக்கவில்லை.

நம் இயக்கக் கூட்டங்களில் வேறொரு கேள்வி எழும். சாதி செய்யும் கொடுமைக்கு நமக்கு மாத்திரையா என்று தம்பிகள் கோபத்தோடு கேட்பார்கள். நியாயமான கோபம்தான். 2020இல் வெளியான ஓர் ஆய்வு, பட்டியல் சாதியினரின் மனநலம் ஆதிக்கச் சாதியினரைவிட மோசமாக இருப்பதைக் காட்டியது. சொத்தையும் படிப்பையும் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் அந்த இடைவெளி மறையவில்லை. ஆறு மாநிலங்களின் விவரங்களைக் கொண்ட அந்த ஆய்வில் தமிழ்நாடு இல்லை. இருந்திருந்தால் வேறு மாதிரி வந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. சாதியைக் கரைக்கும் மாத்திரை எந்தக் கம்பெனியிலும் கிடையாது. ஆனால் வன்கொடுமை வழக்குப் போட்ட ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். வாய்தா வாய்தாவாக ஆண்டுக்கணக்கில் நீதிமன்றத்துக்கு அலைய வேண்டும், சாட்சிக் கூண்டில் ஏறித் தடுமாறாமல் பேச வேண்டும். இரவெல்லாம் விழித்துக் கிடப்பவரால் அது முடியாது. அவரை நிமிர்ந்து நிற்க வைக்க ஒரு மாத்திரை உதவுமானால், அதையும் போராட்டத்துக்குள்தான் நான் வைப்பேன்.

மாத்திரைச் சீட்டைக் காட்டி, இவர் பைத்தியம், இவர் சாட்சி செல்லாது என்று எதிர்த்தரப்பு சொல்லிவிடுமோ என்ற பயமும் பலருக்கு உண்டு. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 3 இதற்குப் பதில் வைத்திருக்கிறது. ஒருவருக்கு மனநோய் என்று மருத்துவர் கண்டறிந்தார் என்பதாலேயே அவர் சித்தசுவாதீனம் இல்லாதவர் ஆகிவிடமாட்டார். நீதிமன்றம் அப்படி அறிவித்தால்தான் உண்டு. ஒருவரின் சமூக நிலையை வைத்து மனநோய் என்று முத்திரை குத்தக் கூடாது என்பதும் அதே பிரிவில் இருக்கிறது.

இந்தச் சட்டம் 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகம் தீப்பிடித்து 28 பேர் இறந்ததும், சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் அவர்கள் தப்ப முடியாமல் போனதும் நம் பகுதியில் இன்னும் பலருக்கு நினைவிருக்கும். சங்கிலியால் கட்டுவதை இந்தச் சட்டம் முற்றாகத் தடை செய்கிறது. நாம் பேசும் விஷயத்துக்கு நேராக வருவது பிரிவு 22. என்ன நோய், என்ன சிகிச்சை, அந்தச் சிகிச்சையின் தெரிந்த பக்கவிளைவுகள் என்ன என்பதை நோயாளிக்குப் புரியும் மொழியில் சொல்லியாக வேண்டும் என்கிறது அது. பிரிவு 18இன்படி அத்தியாவசியப் பட்டியலில் உள்ள மனநல மருந்துகள் வட்டார அளவிலான அரசு சமுதாய சுகாதார நிலையத்திலிருந்து மேலே உள்ள எல்லா அரசு மருத்துவமனைகளிலும் எந்நேரமும் இலவசமாகக் கிடைக்க வேண்டும். வறுமைக்கோட்டு அட்டை இல்லாத ஏழைக்கும் சிகிச்சை இலவசம். இருப்பு இல்லை, மதுரைக்குப் போய் வாங்கிக்கொள் என்று சொன்னால் பஸ் காசும் ஒரு நாள் கூலியும் போகும், மாத்திரையும் அறுந்துபோகும். அப்படிச் சொல்லும் இடத்தில் எழுத்தில் கேளுங்கள்.

மாத்திரை திடீரென்று அறுந்துபோவது சாதாரண விஷயமல்ல. சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், கெட்ட கனவு, மின்சாரம் பாய்ந்தது போன்ற உணர்வு வரலாம். இது போதைக்கு அடிமையானதன் அடையாளம் அல்ல, உடம்பு பழகியதன் விளைவு. நன்றாகிவிட்டது என்று தோன்றிய பிறகும் குறைந்தது ஆறு மாதம், பெரும்பாலும் ஒன்பது மாதம்வரை தொடரச் சொல்வார்கள். பிறகு மருத்துவர் சொல்லும் கணக்கில் படிப்படியாகக் குறைத்து நிறுத்தலாம். வாழ்நாள் முழுக்க விழுங்க வேண்டும் என்பது எல்லோருக்கும் பொருந்தும் பேச்சல்ல.

விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 25 வயதுக்கு உட்பட்டவர்களில் சிலருக்கு மாத்திரை தொடங்கிய முதல் வாரங்களிலும் அளவு மாற்றும்போதும் படபடப்பு கூடி, உயிரை விடும் எண்ணம் தலைதூக்கக்கூடும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2004இல் சிறுவர்களுக்காகவும் 2007இல் இளைஞர்களுக்காகவும் இந்த எச்சரிக்கையை மருந்து அட்டையிலேயே அச்சிடச் செய்தது. மருந்தே வேண்டாம் என்பது இதன் பொருளல்ல. அந்த வாரங்களில் அறைத் தோழர் ஒருவருக்காவது விஷயம் தெரிந்திருக்க வேண்டும், மருத்துவரை வாரா வாரம் பார்க்க வேண்டும், மாத்திரைகளை வேறொருவர் பொறுப்பில் வைக்க வேண்டும். சில நாள் அளவுக்கு மீறிய உற்சாகமும் தூக்கமே தேவைப்படாத நிலையும் முன்பு எப்போதாவது வந்திருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். இருதுருவ நோய் உள்ளவர்களுக்கு இந்த மாத்திரையை மட்டும் தனியாகக் கொடுத்தால் நிலைமை மோசமாகலாம்.

ஓ.பி. வரிசையில் நமக்குக் கிடைப்பது இரண்டு மூன்று நிமிடம்தான். அதற்குள் சொல்ல வேண்டியதை முதல் நாளே ஒரு தாளில் எழுதிக்கொண்டு போகலாம். எழுதத் தெரியாதவர்களுக்குக் கல்லூரி போகும் பிள்ளைகள் எழுதிக் கொடுக்கலாம். “டாக்டரம்மா, நான் வெயில்ல நாத்து நடுற வேலைக்குப் போறேன். காலைல அஞ்சு மணிக்கு எந்திரிக்கணும். மூட்டு வலிக்கு ஒரு மாத்திரை போடுறேன். இந்த மாத்திரையால என்ன தொந்தரவு வரும், எத்தன நாள்ல சரியாகும், எது வந்தா உடனே உங்ககிட்ட ஓடிவரணும்?” இவ்வளவு போதும். அவசரத்துக்கு 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் சேவை இரவு பகலாக இலவசமாகக் கிடைக்கிறது. தமிழிலேயே பேசலாம்.