உங்களுக்குத் தெரியுமா? வேலூர் ஆய்வும் வண்ண வளையமும்

சென்னீர்குப்பத்திலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையைப் பிடித்தால் வேலூர் நூறு கிலோமீட்டர் சொச்சம்தான். அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர் அலோக் ஸ்ரீவஸ்தவா தலைமையிலான குழு, ஹீமோபிலியா ஏ நோய்க்கு மரபணு சிகிச்சை அளித்து, அதன் முடிவை 2024 டிசம்பரில் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வெளியிட்டது. இந்நோய் உள்ளவருக்கு ரத்தம் உறையத் தேவையான காரணி 8 போதாது. பல் பிடுங்கினால்கூட ரத்தம் லேசில் நிற்காது. நோயாளியின் சொந்த ரத்த ஸ்டெம் செல்லிலேயே அந்தக் காரணிக்கான மரபணுவை ஏற்றி, மீண்டும் உடலில் செலுத்தினார்கள். சிகிச்சை பெற்றவர்கள் ஐந்தே பேர்.

இப்படி ஓர் ஆய்வு இணையத்தில் எவ்வளவு பேசப்படுகிறது என்பதற்கும் கணக்கு உண்டு. லண்டனில் 2011-இல் தொடங்கிய ஆல்ட்மெட்ரிக் நிறுவனம் அதை ஒரு வண்ண வளையமாகக் காட்டுகிறது, நடுவில் மதிப்பெண். செய்தித்தளத்துக்கு 8, வலைப்பதிவுக்கு 5, விக்கிப்பீடியாவுக்கு 3 என்பது அது பல காலம் கடைப்பிடித்த அடிப்படை எடை. ஒரே ஆள் பத்து முறை ட்வீட் போட்டாலும் ஒன்றாகவே எண்ணும். டீக்கடைப் பேச்சும் வாட்ஸ்அப் ஃபார்வர்டும் கணக்கில் வராது. நம் ஊரில் பேச்சு நடப்பதே அங்கேதான்! பாராட்டோ திட்டோ, எல்லாம் மதிப்பெண்தான். ஆகவே எண் பெரிதென்றால் ஆய்வு சிறந்தது என்று பொருளில்லை.

அடுத்த முறை மருத்துவச் செய்தியைப் பொதுவெளியில் பகிரும்போது, மூலக் கட்டுரையின் இணைப்பையும் சேர்த்துவிடுங்கள். அப்போதுதான் வளையம் உங்களையும் எண்ணும்.