தண்டவாளத்தில் நடக்காதீர்கள், பூட்டிய திடலுக்குக் கடிதம் போடுங்கள்

விடிய ஐந்தரைக்குக் கொழும்பு வெள்ளவத்தை மெரின் டிரைவ் பக்கம் போய்ப் பாருங்கள். "நடவுங்கோ" என்று டாக்டர் சொல்லி அனுப்பியவர்களில் பலர் புகையிரதப் பாதையில் ஏறி நடக்கிறார்கள். காதில் இயர்போன் வேறு. கடற்காற்று நல்லதாம். அந்தக் காற்றும் அலையும்தான் ரயில் வரும் சத்தத்தை விழுங்கிவிடுகின்றன. அங்கே இருப்பது இரட்டைப் பாதை. ஒரு ரயிலுக்கு விலகுகிறவர் மற்ற ரயிலுக்கு முன்னால் போய் நிற்கக்கூடும். தண்டவாளத்தில் நடப்பது சட்டப்படி குற்றமும்கூட.

கொட்டாஞ்சேனையில் கதை வேறு. தொடர்மாடிப் பிள்ளைகள் படிக்கட்டிலும் ஒழுங்கையிலும் பந்தடிக்கிறார்கள். பக்கத்துத் திடல் பூட்டிக் கிடக்கிறது, வாகனம் நிறுத்தப் பிடித்துவிட்டார்கள் என்று சனம் வட்ஸ்அப்பில் குமுறுகிறது. எழுத்தில் முறைப்பாடு கொடுத்தீர்களா என்று கேட்டால் ஒருவரும் வாய் திறப்பதில்லை.

மரமும் வெளியும் உடம்புக்கு மருந்து என்பது வெறும் பேச்சு இல்லை. பித்தப்பை அறுவைக்குப் பின் ஜன்னலால் மரங்களைப் பார்த்த நோயாளர், செங்கற்சுவரைப் பார்த்தவர்களைவிட முந்தி வீடு திரும்பினார்கள் என்று அமெரிக்க ஆய்வாளர் ரோஜர் உல்ரிச் 1984இல் எழுதினார். இங்கிலாந்தில் ஏறத்தாழ 20,000 பேரிடம் நடத்தி 2019இல் வெளிவந்த ஆய்வில், வாரம் 120 நிமிடமாவது இயற்கைச் சூழலில் கழித்தவர்களே தங்கள் உடலும் மனமும் நலம் என்று கூடுதலாகச் சொன்னார்கள். சீனாவின் குவாங்சோவில் பள்ளிப் பிள்ளைகளை நாளுக்கு 40 நிமிடம் மேலதிகமாக வெளியே விட்டபோது கிட்டப்பார்வை வருவது குறைந்தது. ஃபிளட்டுக்குள் டெப்லட்டோடு வளரும் பிள்ளையின் பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும்.

நடக்கத் தொடங்குமுன் பரிசோதனை செய்யுங்கள். 35 வயது தாண்டியவர்களுக்கு அரசின் ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்களில் பிரஷரும் சீனியும் இலவசமாகப் பார்க்கிறார்கள். உங்கள் பகுதி சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் பரிசோதனை நாளைக் கேட்டறியுங்கள். "நடக்கிறேன்தானே" என்று குளிசையை நீங்களாக நிறுத்தாதீர்கள். நீரிழிவுக்காரர் வெறுங்காலோடு நடக்கக்கூடாது. சீனி திடீரெனக் குறைந்தால் உதவச் சட்டைப்பையில் இரண்டு டொபி இருக்கட்டும்.

போக இடம் இல்லாமலில்லை. விகாரமகாதேவி பூங்கா, சுதந்திர சதுக்கம், காலிமுகத்திடல், வடக்கே மட்டக்குளி காக்கைதீவுக் கடற்கரை, சற்றுத் தள்ளிப் பெத்தகான, தியசரு ஈரநிலப் பூங்காக்கள். 2018இல் ராம்சார் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் பெற்ற ஊர் கொழும்பு. 1859இல் காலிமுகத்திடல் நடைபாதையை அமைத்து முடித்த ஆளுநர் ஹென்றி வார்ட், நகரத்துப் பெண்கள், பிள்ளைகளின் நலனுக்காகப் பின்வருவோர் இதைப் பேணவேண்டும் என்று கல்லிலே பொறித்து வைத்தார். ஆனால் நாள்தோறும் நடக்கிறவருக்கு வேண்டியது வீட்டுக்குப் பக்கத்துத் திடல். அது பூட்டியிருந்தால் இப்படிச் செய்யுங்கள்.

ஒன்று: மாநகர ஆணையாளர், நகர மண்டபம், கொழும்பு 7 என்று விலாசமிட்டுக் கடிதம் எழுதுங்கள். பிரதியை உங்கள் வட்டார உறுப்பினருக்கு அனுப்புங்கள். இடம், அருகிலுள்ள வீதி இலக்கம், பூட்டியிருந்த நாளும் நேரமும், படம், உங்கள் கோரிக்கை எல்லாம் இருக்கவேண்டும். அயலவர் பத்துப்பேர் கையெழுத்திட்டால் நல்லது. இரண்டு பிரதி கொண்டுபோங்கள், ஒன்றில் திகதி முத்திரை வாங்குங்கள். முடியாவிட்டால் பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டை வைத்திருங்கள். முத்திரையோ பற்றுச்சீட்டோ இல்லாத கடிதம், எழுதாத கடிதம்.

இரண்டு: தமிழிலேயே எழுதுங்கள். "சிங்களத்தில எழுதிக்கொண்டு வாங்கோ" என்று கவுண்டரில் சொன்னால் திரும்பி வராதீர்கள். தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை உரிமை தருகிறது. இதைத் தெரிந்திருக்க வேண்டிய அதிகாரிக்கு நாம் நினைவூட்ட வேண்டியிருப்பது வெட்கக்கேடு.

மூன்று: பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி தகவல் அதிகாரிக்கு விண்ணப்பியுங்கள். இந்தத் திடல் யாருக்குச் சொந்தம்? மாநகர சபைக்கா, நகர அபிவிருத்தி அதிகார சபைக்கா? யார் உத்தரவில் பூட்டினார்கள்? யாருக்கு, என்ன வாடகைக்குக் கொடுத்தார்கள்? ஏன் கேட்கிறீர்கள் என்று சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லவேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் மேன்முறையீட்டு அலுவலரிடமும், அங்கும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவிடமும் போகலாம். தவணையைத் தவறவிடாதீர்கள், பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

நான்கு: பொது வழியை யாராவது அடைத்தால் பொலிஸில் முறைப்பாடு செய்து இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 98ஆம் பிரிவின்படி தடையை அகற்ற நீதவான் கட்டளையிட முடியும்.

திரும்பவும் சொல்கிறேன்: வட்ஸ்அப் செய்தி முறைப்பாடு ஆகாது, தண்டவாளம் நடைபாதை ஆகாது. இன்றிரவே அந்தக் கடிதத்தை எழுதி முடியுங்கள். நாளை விடிய நடக்கும்போது வீதியோரமாக, காதைத் திறந்து வைத்துக்கொண்டு நடவுங்கள்.