பனிக்காலமும் முழங்கால் வலியும்

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வானம் தெளிந்ததும் நீலகிரியில் உறைபனிக்காலம் தொடங்கிவிடுகிறது. உதகமண்டலம் கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. டிசம்பர், ஜனவரி மாத இரவுகளில் இங்குள்ள தாழ்வான புல்வெளிகளில் வெப்பநிலை பூச்சியத்தை நெருங்கும். விடியற்காலையில் புல்லும் தேயிலைக் கொழுந்தும் வெண்மை போர்த்திக் கிடக்கும். அந்நாள்களில் எங்கள் புறநோயாளிப் பிரிவின் வாயிலில் ஒரே முறையீட்டைப் பலமுறை கேட்கிறோம்: "காலையில் எழுந்தால் முழங்கால் மரக்கட்டையாகிவிடுகிறது, நான்கு அடி வைத்த பிறகுதான் கால் என்னுடையதாகிறது."

இவர்களுள் பெரும்பாலோர் ஐம்பது வயதைக் கடந்தவர்கள். சரிவான தோட்டங்களில் பல ஆண்டுகள் கொழுந்து பறித்தவர்கள், கூடை சுமந்து மேடேறியவர்கள், மலைக்காய்கறித் தோட்டங்களில் குந்தியிருந்து களையெடுத்தவர்கள். இவர்களுக்கும் இவர்களைப் பேணும் குடும்பத்தினருக்கும் பயன்படும் செய்திகள் சிலவற்றை இவ்விதழில் தொகுத்துத் தருகிறோம்.

தேய்மானம் என்னும் சொல்

இந்நோயை நாம் மூட்டுத் தேய்மானம் என்று அழைக்கிறோம். இப்பெயர் எளிதில் விளங்குவது. ஆயினும் அது ஒரு தவறான எண்ணத்தையும் உடன் கொண்டுவருகிறது. செருப்பின் அடிப்பகுதி நடக்க நடக்கத் தேய்வதுபோல மூட்டும் தேய்கிறது, ஆகவே நடப்பதைக் குறைத்தால் மூட்டு மிஞ்சும் என்று பலரும் கருதுகின்றனர். செருப்புக்கு உயிர் இல்லை, மூட்டுக்கு உண்டு.

எலும்புகளின் முனைகளைப் போர்த்தியுள்ள வழவழப்பான குருத்தெலும்புக்குள் இரத்தக் குழாய்கள் இல்லை. அது தனக்கு வேண்டிய ஊட்டத்தைப் பெரிதும் மூட்டுக்குள் உள்ள திரவத்திலிருந்தே பெறுகிறது. நாம் அடியெடுத்து வைக்கும்போது குருத்தெலும்பு அழுந்துகிறது. காலைத் தூக்கும்போது விரிகிறது. அழுந்தி விரியும் அந்த அசைவினால்தான் ஊட்டம் உள்ளே செல்கிறது. அசைவு நின்றால் ஊட்டமும் குறைகிறது. தொடைத் தசைகள் மெலிகின்றன. அவை தாங்க வேண்டிய சுமையும் மூட்டின்மேல் விழுகிறது.

குளிர் என்ன செய்கிறது?

குளிரில் தசைகளும் தசைநாண்களும் இறுகுகின்றன. மூட்டுத் திரவம் சற்றுக் கெட்டியாவதாலும் அசைவு கடினமாகத் தோன்றுகிறது. எல்லாவற்றிற்கும் மேலாக, குளிர் நம்மைக் கம்பளிக்குள் முடங்கச் செய்கிறது. காலை ஏழு மணிக்கு எழுந்து வாசலுக்கு வருபவர் பத்து மணிவரை படுக்கையை விட்டு எழுவதில்லை. அந்த மூன்று மணி நேர முடக்கமே அன்றைய வலியின் பெரும் பகுதிக்குக் காரணமாக இருக்கக்கூடும்.

வானிலைக்கும் மூட்டு வலிக்கும் தொடர்பு உண்டா என்பதை அறிஞர்கள் பல நாடுகளில் ஆராய்ந்துள்ளனர். இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தினர் 2019ஆம் ஆண்டில் வெளியிட்ட பெரிய ஆய்வொன்று, காற்றில் ஈரப்பதம் மிகுந்தும் காற்றழுத்தம் தாழ்ந்தும் காற்று பலமாக வீசியும் இருக்கும் நாள்களில் வலி ஓரளவு கூடுவதாகக் கண்டது. அந்த வேறுபாடு பெரிதன்று. குளிர் மட்டும் தனியே வலியைக் கூட்டுவதாகவும் அது காட்டவில்லை. எத்தொடர்பையும் காணாத ஆய்வுகளும் உள்ளன.

இதனை இங்கே குறிப்பிடுவதற்கு ஒரு காரணம் உண்டு. "அம்மாவைச் சமவெளிக்கு அனுப்பிவிட்டால் மூட்டு கெடாமல் இருக்குமா?" என்று பிள்ளைகள் எங்களிடம் கேட்பதுண்டு. குளிர் வலியை உணர்த்தலாம். அது குருத்தெலும்பை அழிப்பதில்லை. தாம் பிறந்து வாழ்ந்த ஊரையும் அறிந்த முகங்களையும் விட்டு ஒருவர் மூட்டுக்காக இடம்பெயர வேண்டியதில்லை. அவர் இங்கேயே எவ்வாறு நடமாடுவது என்பதைத்தான் நாம் சேர்ந்து சிந்திக்க வேண்டும்.

படுக்கையிலிருந்தே தொடங்கலாம்

காலையில் எழுந்தவுடன் நேரே தரையில் கால் ஊன்ற வேண்டாம். போர்வைக்குள் இருந்தவாறே கணுக்கால்களை மேலும் கீழும் பத்து முறை அசைக்கவும். முழங்காலை மெல்ல மடக்கி நீட்டவும். பின்னர் கீழ்க்காணும் மூன்று பயிற்சிகளைச் செய்யலாம்.

முதலாவது: காலை நீட்டி, முழங்காலுக்குக் கீழே சுருட்டிய துண்டு ஒன்றை வைத்து, அதனை அழுத்துவதுபோலத் தொடைத் தசையை இறுக்கவும். ஐந்து எண்ணும்வரை இறுக்கிப் பின் தளர்த்தவும். ஒவ்வொரு காலுக்கும் பத்து முறை.

இரண்டாவது: நாற்காலியில் நிமிர்ந்து அமர்ந்து ஒரு காலை நேராக நீட்டி, ஐந்து எண்ணி, மெதுவாக இறக்கவும். இதுவும் பத்து முறை.

மூன்றாவது: உறுதியான நாற்காலியைச் சுவரோடு சேர்த்துப் போட்டு, அதிலிருந்து எழுந்து நின்று மீண்டும் மெல்ல அமரவும். தேவையானால் முன்னால் உள்ள மேசையைப் பிடித்துக்கொள்ளலாம். ஐந்து முறையில் தொடங்கிப் படிப்படியாகப் பத்தாக உயர்த்தலாம்.

பயிற்சியின்போது சிறிது வலிப்பது இயல்பு. அது தீங்கின் அடையாளமன்று. கூடிய வலி மறுநாளும் தணியாமல் இருந்தால், அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள். பயிற்சியை நிறுத்திவிட வேண்டாம்.

வெயில் ஏறிய பின்பு நடைக்குச் செல்வது நன்று. உறைபனி படிந்த படிகளும் பாசி பிடித்த கற்களும் வழுக்கும். மேடேறுவதைக் காட்டிலும் சரிவில் இறங்குவதே முழங்காலை மிகுதியாக வருத்தும். ஆகையால் இயன்றவரை சமதளமான பாதையைத் தேர்ந்தெடுங்கள். கைத்தடியை வலி மிகுந்த காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். படியேறும்போது நல்ல காலை முதலில் வையுங்கள். இறங்கும்போது வலியுள்ள காலை முதலில் வையுங்கள். கம்பளிக் காலுறையோடு மட்டும் வழவழப்பான தரையில் நடக்காதீர்கள்.

வெப்பமும் அதன் வரம்பும்

வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றி, முழங்காலின் மீது 15 முதல் 20 நிமிடம் வைப்பது இறுக்கத்தைத் தளர்த்தும். பயிற்சிக்கு முன் ஒத்தடம் கொடுத்தால் அசைவு எளிதாகும். ஆயினும் சில எச்சரிக்கைகள் உண்டு. நீரிழிவினால் காலில் உணர்ச்சி குறைந்தவர்கள் சூட்டை உணராமல் தோலைப் பொசுக்கிக்கொள்கின்றனர். ஒத்தடம் கொடுக்குமுன் மற்றொருவர் தம் கையால் சூட்டைச் சோதித்துப் பார்க்க வேண்டும். வலி தைலம் தடவிய இடத்தில் வெந்நீர்ப் பையை வைக்கலாகாது. பையை வைத்துக்கொண்டே உறங்குவதும் கூடாது. மூட்டு வீங்கிச் சூடாக இருக்கும்போது வெப்ப ஒத்தடத்தைத் தவிர்த்து எங்களிடம் வாருங்கள்.

இங்கே அழுத்திச் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. குளிருக்கு அஞ்சிக் கரியடுப்பையோ நெருப்புச் சட்டியையோ படுக்கையறைக்குள் வைத்து, சன்னலையும் கதவையும் அடைத்து உறங்கும் பழக்கம் மலைப்பகுதிகளில் இன்னும் மறையவில்லை. எரியும் கரியிலிருந்து வெளிப்படும் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உறங்குபவர் விழிக்காமலே உயிரிழக்க நேரிடும். தீக்கங்கு கனன்று சாம்பல் பூத்த பின்பும் அவ்வாயு வெளிவந்துகொண்டிருக்கும். மூட்டுக்கு இதம் தேடி உயிருக்கு ஊறு தேடிக்கொள்ள வேண்டாம். படுக்கும் அறையில் கரி வேண்டவே வேண்டாம். அடுக்கடுக்கான ஆடை, கம்பளி, முழங்கால் உறை ஆகியவையே போதும்.

மருந்துகள் குறித்து

முழங்கால் வலிக்கு, மேலே தடவும் டைக்ளோஃபினாக் போன்ற களிம்புகளே முதலில் கருதத் தக்கவை. அவை உடலுக்குள் குறைவாகவே சேர்கின்றன. வலி மாத்திரைகள் உடனே இதம் தரும். ஆனால் இரைப்பைப் புண், இரத்த அழுத்த உயர்வு, சிறுநீரகப் பாதிப்பு ஆகியவற்றை விளைவிக்கக்கூடும். இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்களும் இரத்தம் உறையாமலிருக்க மருந்து உட்கொள்பவர்களும் மருத்துவரைக் கேளாமல் அவற்றை வாங்கி உண்ணலாகாது.

பெயரும் உட்பொருளும் எழுதப்படாத பொட்டலங்களில் விற்கப்படும் வாதப் பொடிகளில் ஸ்டீராய்டு மருந்து கலந்திருக்கக்கூடும். இரண்டே நாளில் வலி மாயமாக மறைவது அதன் அடையாளமாக இருக்கலாம். நீண்ட நாள் உட்கொண்டால் சர்க்கரை உயரும், எலும்பு நொய்யும். அத்தகைய பொடியை உண்டு வருபவர்கள் திடீரென நிறுத்துவதும் ஆபத்து. பொட்டலத்தை எடுத்துக்கொண்டு வாருங்கள். நாங்கள் கடிந்துகொள்ள மாட்டோம்.

மிகுந்த உடல் எடை உள்ளவர்கள் ஒரு கிலோ குறைத்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் மீதான சுமை ஏறத்தாழ நான்கு கிலோ குறைகிறது. ஒரு நாளில் நாம் வைக்கும் அடிகளை எண்ணிப் பார்த்தால் இதன் பயன் விளங்கும்.

குடும்பத்தினருக்கு ஒரு சொல்

தாயின் துன்பம் கண்டு, "நீங்கள் உட்காருங்கள் அம்மா, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்லாத பிள்ளைகள் இல்லை. அன்பினால் சொல்லும் சொல்தான் அது. ஆயினும் ஒரு பனிக்காலம் முழுவதும் ஒருவரை நாற்காலியில் அமர்த்திவிட்டால், சித்திரை பிறக்கையில் அவரால் தாமாக எழ இயலாமற்போகலாம். அடுப்படியில் நின்று தேநீர் வைப்பதும் வாசல்வரை நடப்பதும் அவருடைய மூட்டுக்கு மருந்து. அவருடைய தன்மதிப்புக்கும் மருந்து. அவ்வேலைகளைப் பறிக்காமல் எளிதாக்கிக் கொடுங்கள். கோலமிடக் குந்துவது கடினமானால் சிறு முக்காலி ஒன்று செய்து கொடுங்கள். தரையில் அமர்ந்து காய் நறுக்குபவருக்கு மேசை ஒன்றை ஒதுக்குங்கள். கழிவறையில் உயரமான இருக்கையும் பிடிகம்பியும் அமையுங்கள். இரவில் அவர் நடக்கும் வழியில் விளக்கு எரியட்டும். நடைக்குச் செல்கையில் உடன் செல்லுங்கள். துணை இருந்தால் நடை நீளும்.

எப்போது உடனே வரவேண்டும்?

காய்ச்சலுடன் ஒரு மூட்டு மட்டும் சிவந்து வீங்கிச் சூடாக இருந்தால் அன்றே வாருங்கள். விழுந்த பின் காலை ஊன்ற இயலாவிட்டாலும், ஒரு கெண்டைக்கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தாலும், காலம் தாழ்த்தலாகாது. தேய்மானத்தால் வரும் காலை இறுக்கம் பொதுவாக அரை மணி நேரத்திற்குள் தளர்ந்துவிடும். அதற்கு மேலும் நீடித்துக் கைவிரல் மூட்டுகளும் வீங்கினால், அது வேறொரு வாத நோயாக இருக்கலாம்.

பயிற்சியும் மருந்தும் முறையாகக் கைக்கொண்ட பின்னரும் வலி உறக்கத்தைக் கெடுத்து, வீட்டுக்குள் நடமாடுவதையே தடுக்குமானால், மூட்டு மாற்று அறுவை சிகிச்சை பற்றிப் பேசலாம். அது எல்லோர்க்கும் தேவைப்படுவதன்று. தேவைப்படுவோர் அஞ்சி ஒதுங்க வேண்டியதும் அன்று.

அடுத்த முறை வரும்போது, உட்கொள்ளும் மருந்துகள் அனைத்தையும் ஒரு பையில் கொண்டுவாருங்கள். ஒரு வாரத்தில் எந்த நாள், எந்த வேலைக்குப் பின் வலி மிகுந்தது என்று ஒரு தாளில் குறித்துவைத்தால் எங்களுக்குப் பேருதவியாக இருக்கும். வலியின் அளவோடு, நீங்கள் மீண்டும் செய்ய விரும்பும் வேலை எது என்பதையும் அதில் எழுதுங்கள். கோயில் படி ஏறுவதோ, பேரப்பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்துச் செல்வதோ, எதுவாயினும் சரி. சிகிச்சையை அதிலிருந்தே தொடங்குவோம்.