தாபோல் தந்த பாடம்

மும்பையிலிருந்து கொங்கணக் கடற்கரையை ஒட்டித் தெற்கு நோக்கிச் செல்வோர், இரத்தினகிரி மாவட்டத்தில் வாசிஷ்டி ஆறு அரபிக் கடலோடு கலக்கும் இடத்தைக் காண்பர். ஆற்றின் வடகரையில் தாபோல் என்னும் பழந்துறைமுகம். தென்கரையில் அஞ்சன்வேல் என்னும் சிற்றூர். மாம்பழத்துக்கும் மீனுக்கும் பெயர் பெற்ற அந்தக் கரையில்தான் அமெரிக்க நாட்டின் என்ரான் கம்பெனி பெரும்பொருளை இழந்தது. உலகின் பெரிய எரிசக்தி நிறுவனங்களுள் ஒன்றாக விளங்கிய அக்கம்பெனி, அந்நிய நாட்டுச் சந்தையில் நுழைந்து நஷ்டமடைந்த வரலாறு நாம் அறிந்திருக்கத் தக்கது. ஏனெனில் அந்த நஷ்டம் அந்தக் கம்பெனியோடு நின்றுவிடவில்லை.

1991ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கம் மின் உற்பத்தித் துறையை அந்நிய முதலீட்டுக்குத் திறந்துவிட்டது. மறு ஆண்டு ஜூன் மாதத்தில் என்ரான் கம்பெனி மகாராஷ்டிர மாநில மின்சார வாரியத்தோடு பூர்வாங்க உடன்படிக்கை செய்துகொண்டது. 1993 டிசம்பரில் முழு ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. ஜெனரல் எலெக்ட்ரிக், பெக்டெல் ஆகிய அமெரிக்கக் கம்பெனிகள் சிறு பங்குதாரர்களாகச் சேர்ந்தன. முதற்கட்டம் 740 மெகாவாட், இரண்டாம் கட்டத்தையும் சேர்த்தால் 2,184 மெகாவாட் என்பது பின்னர் முடிவான அளவு. மொத்தச் செலவோ ஏறக்குறைய 300 கோடி டாலர்.

இந்த ஒப்பந்தத்தின் உயிர்நாடி ஒரு சிறு விதியில் இருந்தது. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நான் அதனைத் தமிழில் தரவேண்டுமானால், ‘கொண்டாலும் கொள்ளாவிட்டாலும் கொடு’ என்றே எழுதுவேன். நேயர்களுள் பலர் வேற்று மாநிலங்களில் வாடகை வீட்டில் குடியிருப்பவர்கள். கோடை விடுமுறைக்கு வீட்டைப் பூட்டிக்கொண்டு சொந்த ஊருக்குப் போனாலும் வீட்டுக்காரருக்கு வாடகை கொடுத்தாக வேண்டுமல்லவா? அதுபோல, வாரியம் மின்சாரத்தைப் பெற்றாலும் பெறாவிட்டாலும், நிலையம் ஆயத்தமாக இருப்பதற்கே ஒரு நிலைக் கட்டணம் செலுத்த வேண்டும். மாதம் 3,000 ரூபாய் வாடகை கொடுப்பவர் முப்பது நாளும் குடியிருந்தால் நாளொன்றுக்கு 100 ரூபாய். பத்து நாள் மட்டும் இருந்தால் 300 ரூபாய். மின்சாரத்தைக் குறைவாகக் கொள்ளக் கொள்ள யூனிட்டின் விலை ஏறியதற்கு இதுவே காரணம்.

அந்த வாடகையும் ரூபாய்க் கணக்கில் இல்லை. டாலர்க் கணக்கையே சார்ந்திருந்தது. 1993இல் ஒரு டாலருக்கு ஏறத்தாழ 31 ரூபாய். 2001இல் ஏறத்தாழ 47 ரூபாய். கையெழுத்திட்ட காகிதத்தில் ஓர் எழுத்தும் மாறாமலே வாரியத்தின் கடன் பாதியளவு கூடிவிட்டது. மூன்றாவதாக எரிபொருள். முதற்கட்டம் பெட்ரோலியத்திலிருந்து பிரிக்கப்படும் நாப்தாவை நம்பி ஓடியது. 1999 தொடக்கத்தில் பீப்பாய் 10 டாலர் அளவில் இருந்த கச்சா எண்ணெய், 2000இல் 30 டாலரைத் தாண்டிற்று. அந்த ஏற்றமும் வாரியத்தின் தலையிலேயே விழுந்தது.

எச்சரிக்கை இல்லாமல் இல்லை. திட்டத்துக்குக் கடன் கேட்டபோது, 1993இலேயே உலக வங்கி மறுத்துவிட்டது. மாநிலத்தின் தேவைக்கு இது மிகப் பெரிது, மலிவான நிலக்கரி மின்சாரத்தை ஒதுக்கிவிட்டு விலையுயர்ந்த மின்சாரத்தை வாங்க நேரிடும் என்பது அதன் கருத்து. 1995 ஆகஸ்டில், தேர்தலில் வென்று புதிதாக வந்த மாநில அரசாங்கம் திட்டத்தை ரத்துச் செய்தது. கம்பெனி லண்டனில் மத்தியஸ்த வழக்குத் தொடுத்தது. பேச்சு நடந்து, 1996இல் விலையைச் சற்றுக் குறைத்து, இரண்டாம் கட்டத்தையும் சேர்த்துத் திட்டம் மீண்டும் உயிர் பெற்றது. நிலம் இழந்தோரும் மீனவரும் கிளர்ச்சி செய்தனர். பலர் சிறை சென்றனர். 1999 மே மாதத்தில் முதற்கட்டம் மின்சாரம் வழங்கத் தொடங்கிற்று.

பின் நிகழ்ந்தவை விரைந்து நிகழ்ந்தன. 2000ஆம் ஆண்டின் சில மாதங்களில் யூனிட் விலை 7 ரூபாயைக் கடந்தது. வாரியம் பயனீட்டாளரிடமிருந்து பெற்றதோ அதில் பாதிக்கும் குறைவு. ஆண்டின் இறுதியில் வாரியம் பணம் செலுத்தத் தவறியது. நிலையம் குறித்த நேரத்துக்குள் முழுத் திறனை எட்டவில்லை என்று கூறி அபராதமும் கோரிற்று. 2001 பிப்ரவரியில் கம்பெனி மத்திய அரசாங்கம் அளித்திருந்த பிணையைப் பணமாகக் கேட்டது. மே மாத இறுதியில் நிலையம் நின்றது. பெரும்பாலும் முடிந்துவிட்ட இரண்டாம் கட்டமும் அப்படியே கைவிடப்பட்டது.

என்ரான் இத்திட்டத்தில் இட்ட சொந்தப் பணம் ஏறத்தாழ 90 கோடி டாலர் எனக் கூறப்பட்டது. தன் பங்கை விற்க முயன்றது, வாங்குவோர் கிடைக்கவில்லை. 2001 டிசம்பர் 2ஆம் நாள் அக்கம்பெனி திவாலானது. அதன் வீழ்ச்சிக்கு முதற்காரணம் கணக்கில் செய்த மோசடியே. எனினும், காகிதத்தில் செல்வமாகவும் கையில் சுமையாகவும் கிடந்த சொத்துக்களுள் தாபோல் ஒன்று.

நிற்க. மற்றவர் கதி என்ன? 2005இல் ஏற்பட்ட சமரசத்தில் ஜெனரல் எலெக்ட்ரிக் 14.5 கோடி டாலரும், பெக்டெல் 16 கோடி டாலரும் பெற்று விலகின. அதே ஆண்டில் தேசிய அனல்மின் கழகமும் கெயில் நிறுவனமும் இந்திய நிதி நிறுவனங்களும் சேர்ந்து இரத்தினகிரி எரிவாயு மின் நிறுவனத்தை அமைத்தன. 2006இல் இயந்திரங்கள் மீண்டும் சுழன்றன. எரிவாயு கிடைக்காமல் 2013இல் மறுபடி நின்றன. 2015 இறுதியில் இரயில்வேக்கு மின்சாரம் தரும் ஏற்பாட்டினால் மீண்டும் ஓடின. இத்தனை ஆண்டும் கடன் கொடுத்த இந்திய வங்கிகளின் பணம் முடங்கிக் கிடந்தது. அது யாருடைய பணம்? கல்யாணிலும் புணேயிலும் நாகபுரியிலும் மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்துச் சேமித்த எளியோரின் பணமும் அதில் அடங்கும்.

இதிலிருந்து நாம் கொள்ளத்தக்க கருத்து ஒன்று உண்டு. அந்நிய நாணயத்தின் ஏற்றம், எண்ணெய் விலை, தேவைக் குறைவு ஆகிய அபாயங்களையெல்லாம் ஒரு கட்சியின் தலையில் ஏற்றி எழுதினால், மறுகட்சி காப்பாற்றப்பட்டதுபோலத் தோன்றும். ஆனால் சுமப்பவன் விழுந்தால் சுமையும் விழும். வாங்குவோனால் கொடுக்க இயலாத விலையை எந்தப் பிணையும் வசூலித்துத் தராது. என்ரானின் வழக்கறிஞர்கள் எழுதிய ஒப்பந்தம் மிகத் திறமையானது. அந்தத் திறமையே அக்கம்பெனிக்கு நஷ்டமாக முடிந்தது.

அடுத்த முறை மின் கட்டணச் சீட்டு கைக்கு வரும்போது, அதிலுள்ள நிலைக் கட்டணம் என்னும் வரியைச் சற்று நின்று படியுங்கள். எங்கோ ஓர் ஒப்பந்தத்தில் யாரோ இட்ட கையெழுத்தின் பங்கும் அதில் இருக்கக்கூடும்.